அப்போஸ்டில்: ஒப்பத்துக்கு மட்டுமே உறுதி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதியில் தோல், காலணித் தொழில் செய்வோர் வெளிநாட்டுக் கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு கம்பெனி தொடங்க முற்படும்போது, ஆடிட்டரிடமிருந்து முதலில் வரும் கேள்விகளுள் ஒன்று, “நோட்டரி ஆயிடுச்சு, அப்போஸ்டில் ஆச்சா?” என்பது. ஒரு நாட்டின் ஆவணத்தை வேறொரு நாட்டில் காட்டுவதற்காக, அதிலுள்ள கையெழுத்து மெய்யானது என்று அரசு தரும் சான்றே அப்போஸ்டில்.

பெயரொலியை வைத்து இதனை விவிலியத்தின் ‘அப்போஸ்தலர்’ என்பதோடு உறவுபடுத்துவோர் உண்டு. அது கிரேக்க மூலம் உடையது. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘அப்போஸ்டில்’ பிரெஞ்சுச் சொல். இடைக்கால இலத்தீனில் நூலின் ஓரத்தில் எழுதும் குறிப்பை ‘போஸ்டில்லா’ என்றனர். ‘அச்சொற்களுக்குப் பின்’ எனப் பொருள்படும் ‘போஸ்ட் இல்லா’ என்ற தொடரிலிருந்து அது பிறந்ததாகக் கருதுவர். அதன் வழிவந்த ‘அப்போஸ்டில்’ என்ற சொல்லுக்கு இன்றைய சட்டப்பொருளைத் தந்தது 1961 அக்டோபர் 5ஆம் நாளிட்ட ஹேக் உடன்படிக்கை. நோட்டரி, ஆவணம் உருவான நாட்டின் அமைச்சகம், தூதரகம் என்று ஓர் ஆவணம் படிப்படியாக ஏறி இறங்கிய சங்கிலியை அது ஒரே சான்றாகச் சுருக்கியது. ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறையாத பக்கமுடைய சதுரம், அதனுள் எண்ணிட்ட பத்து விவரங்கள், தலைப்பு மட்டும் கட்டாயமாகப் பிரெஞ்சில்: இதுவே அதன் வடிவம். இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் இது நடைமுறையில் உள்ளது. இங்கே இதனை வழங்குவது வெளியுறவு அமைச்சகம்.

இச்சான்று எதை உறுதி செய்கிறது என்பதில்தான் குழப்பம் மிகுதி. கையெழுத்து உண்மையானது, இட்டவர் அந்தப் பொறுப்பில் இருந்தவர், முத்திரை அவருடையது என்ற மூன்றையுமே அது சொல்கிறது. ஆவணத்தில் எழுதியிருப்பது உண்மையா, அந்த வெளிநாட்டு நிறுவனம் கடனில்லாததா என்பதற்கு அது பொறுப்பேற்காது. தமிழுக்கு இக்கருத்து புதிதன்று. எழுத்தறியாதவர் இட்ட கீறலைத் ‘தற்குறி’ என்றும், அது அவர் இட்டதே என்று இன்னொருவர் சாட்சியிடுவதைத் ‘தற்குறி மாட்டெறிதல்’ என்றும் கல்வெட்டுகள் குறிக்கின்றன. ‘தற்குறி’ இன்று வசைச்சொல்லாகிவிட்டதால், அப்போஸ்டிலுக்குத் தமிழ்ப்பெயராக அதனை மீட்டெடுக்க இயலாது. ‘சான்றொப்பம்’ என்றாலோ அரசு அலுவலர் நகலில் இடும் கையெழுத்து என்றே எல்லாரும் கொள்வர். ‘பின்குறிப்பு’ வேர்ப்பொருளைக் காட்டும், வேலையைக் காட்டாது. எனவே ‘ஒப்பமெய்ச் சான்று’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. ஒப்பம் மெய்யானது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லிக்கொள்வதில்லை.

கம்பெனிச் சட்டத்தில் இதன் இடம் 2014ஆம் ஆண்டின் நிறுவனப் பதிவு விதிகளில், 13ஆம் விதியில் வருகிறது. கம்பெனியின் அமைப்பு விதியில் முதல் பங்குதாரராகக் கையொப்பமிடும் வெளிநாட்டவர் காமன்வெல்த் நாட்டில் இருந்தால் அந்நாட்டு நோட்டரி போதும். ஹேக் உடன்படிக்கை நாட்டில் இருந்தால் நோட்டரியுடன் அப்போஸ்டிலும் வேண்டும். இரண்டிலும் சேராத நாடாயின், நோட்டரிச் சான்றைத் தூதரக அலுவலர் உறுதிசெய்ய வேண்டும். ஆகவே இங்கிலாந்துக் கூட்டாளிக்கு ஒரு வழி, இத்தாலியருக்கு ஒரு வழி, உடன்படிக்கையில் இல்லாத தைவானியருக்கு வேறொரு வழி. ஆடிட்டர் முதலில் நாட்டின் பெயரைக் கேட்பது இதனால்தான்.

உறுப்பு நாடு என்பதனால் மட்டும் எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை. இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி மறுப்புத் தெரிவித்ததால், அவ்விரு நாடுகளுக்கிடையே உடன்படிக்கை செயல்படவில்லை. ராணிப்பேட்டைக்காரர் ஜெர்மனியில் துணை நிறுவனம் தொடங்கும்போது இங்கே ஒட்டிய அப்போஸ்டிலைக் காட்டிப் பயனில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் தாள்கள் பெரும்பாலும் நாடாவாலோ ரிவெட்டாலோ பிணைக்கப்பட்டு, பிணைப்பின் மேல் முத்திரையும் பதித்திருக்கும். ஸ்கேன் எடுப்பதற்காகக் கடையில் அதைப் பிரித்துவிட்டால், பக்கம் மாற்றப்பட்டதோ என்ற ஐயத்துக்கு இடமாகிவிடும். மடித்துப் பிடித்தே எடுக்கச் சொல்ல வேண்டும். வந்தது பவர் பத்திரமாக இருந்தால், அப்போஸ்டில் இருப்பதால் முத்திரைத்தீர்வை விலகாது. இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீர்வை செலுத்த வேண்டும் என்கிறது இந்திய முத்திரைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. வந்து சேர்ந்த நாளைக் காட்டும் கூரியர் உறையைப் பத்திரத்தோடு சேர்த்து வைப்பது நல்லது.