பொடக்காலி ரூமுக்கு தண்ணி வந்துரும், வெளிய போகுமா?

போன மாசம் கோயம்புத்தூர்ல வடவள்ளி பக்கம் ஒரு வீட்ல கூப்டிருந்தாங்க. வீட்டுக்குப் பின்னாடி பொடக்காலில பத்துக்குப் பதினாலு ரூம் ஒண்ணு, கொரோனா டைம்ல பையன் உக்காந்து வேலை பாக்கறதுக்குன்னு கட்டுனது, ஃபால்ஸ் சீலிங் ஏசின்னு நல்லாத்தான் பண்ணிருக்காங்க. இப்ப பையன் பெங்களூர் போயாச்சு, ஊர்ல இருந்து வந்திருக்கற பாட்டிக்கு முட்டிவலி, மாடி ஏற முடியல, அதனால அந்த ரூமையே பாட்டிக்கு குடுத்துட்டு பின் சுவத்துல ஒட்டுன மாதிரி ஒரு பாத்ரூம் சேத்துரலாம்னு முடிவு. "டைல்ஸ், கிளாசெட், ஷவர் எல்லாம் வாங்கி வெச்சாச்சு தம்பி, பைப்பு மட்டும் ஒரு நாள்ல போட்டுக் குடுத்துருங்க"ன்னு சார் சொல்றாரு.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். சார், செப்டிக் டேங்குக்கு முன்னாடி இருக்கற சேம்பர்ல, அதான் மூடி போட்ட சின்ன தொட்டில, பைப் எவ்ளோ ஆழத்துல போகுது? அவருக்குத் தெரியல. அவர் மேல தப்பில்ல, இருவது வருசமா இந்த வேலை பாக்கறேன், இத தெரிஞ்சு வெச்சிருந்த வீட்டுக்காரங்கள விரல் விட்டு எண்ணிரலாம். எல்லாரும் ஷவர் மாடலப் பாக்கறாங்க, டைல்ஸ் கலரப் பாக்கறாங்க. தண்ணி உள்ள வர்றதுக்கு மோட்டார் இருக்கு, மேல டேங்க் இருக்கு, எப்படியும் வந்துரும். வெளிய போறதுக்கு இருக்கறது சரிவு மட்டும்தான், அது இல்லன்னா நீங்க எத்தன லட்சம் செலவு பண்ணாலும் போகாது.

அந்த வீட்டுக் கணக்கையே சொல்றேன், உங்க வீட்டுக்கும் இப்படித்தான் போட்டுப் பாக்கணும். டியூப் லெவல் வெச்சு அளந்தோம், ட்ரான்ஸ்பரன்ட் டியூப்ல தண்ணி நிரப்பி ரெண்டு பக்கம் ரெண்டு பேர் புடிக்கறது, பழைய முறைதான் ஆனா தப்பாது, ஒண்ணு, உள்ள ஒரு சின்ன காத்துக் குமிழ் நின்னாலும் லெவல் பொய் சொல்லும், அதனால டியூப்ப விரலால தட்டித் தட்டி குமிழ வெளியேத்திட்டுத்தான் அளக்கணும். ரூம் ஃப்ளோர் தரையில இருந்து அரை அடி ஒசரம். பாத்ரூம் நானி ட்ராப் (தரையில குளிக்கற தண்ணி இறங்கற ஓட்டை), கிளாசெட் லைன் எல்லாம் சேந்து வெளிய வரும்போது 4 இன்ச் பைப்போட அடிப்பக்கம் ஃப்ளோருக்கு ஒரு அடி கீழ, அதாவது தரைக்கு 6 இன்ச் கீழ. அங்க இருந்து சேம்பர் 52 அடி. 40 அடிக்கு 1 அடி இறக்கம்னு போட்டா பதினஞ்சரை இன்ச் இறங்கணும், ஆக சேம்பர்ல போய் சேரும்போது இருவத்தி ஒன்னரை இன்ச் ஆழத்துல இருக்கும். சேம்பரோட ஆழம் 15 இன்ச்தான். சரி, கொஞ்சம் தாராளமா 60-க்கு 1-னு வெச்சாலும் பதினாறரை வருது, அப்பவும் ஒன்னரை இன்ச் ஒதைக்குது.

இந்த ஒன்னரை இன்ச்சதான் நம்மாளுங்க "பாத்துக்கலாம் விடுங்க"ன்னு மட்டமா பைப்ப போட்டு மண்ணத் தள்ளி மூடிர்றாங்க. மொத மூணு மாசம் ஒண்ணும் தெரியாது. அப்பறம் ஃப்ளஷ் பண்ணா தண்ணி மெதுவா இறங்கும், அப்பறம் குளிக்கற தண்ணி நானி ட்ராப் வழியா மேல வரும், அப்பறம் ஆசிட் ஊத்துவாங்க, அப்பறம் என்னக் கூப்டுவாங்க.

ஃப்ளோர ஒசத்தி ரெண்டு படி வெச்சுக்கலாம்னாங்க, முட்டிவலிக்காரங்களுக்கு ராத்திரி நேரத்துல படியான்னு நான் ஒத்துக்கல. கடைசில பாத்ரூம பின் சுவத்துல இருந்து எடுத்து வீட்டப் பாத்த பக்கம் மாத்துனோம். ரூம் நீளம் 14 அடி, பாத்ரூம் 4 அடி, மொத்தம் 18 அடி மிச்சம், பைப் 34 அடியா கொறைஞ்சுது, 50-க்கு 1 சரிவு வெச்சாலே 8 இன்ச்ல முடிஞ்சு 14-ல போய் சேந்துருச்சு. ஆரம்பத்துல பைப் ரொம்ப மேலாப்ல போறதால அந்த இடத்துல மட்டும் காங்கிரீட் போட்டு மூடுனோம். அம்மாவுக்குத்தான் அடுப்படி ஜன்னல்ல இருந்து பாத்ரூம் கதவு தெரியுதுன்னு வருத்தம், நடுவுல செம்பருத்தி வெச்சு மறைச்சுக்கறேன்னுட்டாங்க. வாஸ்து பாக்கறவர் வந்து என்ன சொன்னாருன்னு நான் கேட்டுக்கல.

லைன சேக்கற எடத்துல நானே ஒரு தடவ தப்பு பண்ணிருக்கேன். தொழிலுக்கு வந்த புதுசுல, போற வழியில ஏற்கனவே வீட்டு லைன் இருக்கேன்னு அதுலயே நேரா ஒரு 'T' ஜாயின்ட் அடிச்சு சொருவிட்டேன், சேம்பர் கட்டல, வீட்டுக்காரருக்கு ரெண்டாயிரம் மிச்சம்னு பெருமை வேற. அடைப்பு வந்தப்ப கம்பி விட வழியே இல்ல, போட்ட டைல்ஸ ஒடைச்சு தோண்டுனேன், காசு என் கையில இருந்துதான் போச்சு. அதுல இருந்து திரும்பற எடம் சேர்ற எடம் எல்லாத்துக்கும் ஒரு சேம்பர், யாரு முறைச்சாலும் சரி. பக்கத்துல வேப்ப மரமோ தென்னையோ நின்னா ஜாயின்ட்ட இன்னும் கவனமா ஒட்டணும், நூல் கணக்கா சந்து இருந்தா போதும், வேர் தண்ணியத் தேடி உள்ள வந்து தேங்கா நார் மாதிரி பந்து கட்டிரும்.

இப்ப ஒரு விசயம் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். சேம்பர் இல்லாத பழைய வீடுகள்ல புது பைப்ப நேரா செப்டிக் டேங்க் சுவத்துலயே ஓட்ட போட்டு விடுவாங்க. அந்த நேரத்துல "உள்ள பக்கம் பூசிட்டு வந்துர்றேன்"னு யாராவது இறங்கினா, இல்ல தலைய உள்ள விட்டுப் பாத்தாக்கூட, ஆபத்து. உள்ள இருக்கற ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகுன முட்ட நாத்தம் அடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும், தெரியாதது என்னன்னா அளவு அதிகமாச்சுன்னா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது, நாத்தம் இல்ல கேஸ் போயிருச்சுன்னு நெனைச்சு இறங்கறவங்க மேல வர்றதில்ல, அவங்களத் தூக்கப் போன ரெண்டாவது ஆளும் வர்றதில்ல. செப்டிக் டேங்க்க சுத்தம் பண்றதுக்கு பாதுகாப்பு இல்லாம ஆள எறக்கறது 2013 சட்டப்படி குத்தம், சட்டம் கிடக்கட்டும், உங்க வீட்ல ஒரு மனுசன் சாகக் கூடாது. லாரி வெச்சு உறிஞ்சி எடுத்துட்டு, வெளிப்பக்கம் குழி தோண்டி, வெளிய நின்னே ஓட்ட போட்டு, வெளிய இருந்தே பூசணும். பக்கத்துல பீடி பத்த வைக்கக் கூடாது, உள்ள மீத்தேனும் இருக்கும்.

சில பேர் இவ்ளோ தூரம் பைப் எதுக்கு, ரூம் பக்கத்துலயே சின்னதா ஒரு டேங்கும் உறிஞ்சு குழியும் போட்டுக்கலாமேன்னு கேப்பாங்க. போடலாம், ஆனா உங்க போர் எங்க இருக்கு, அடுத்த வீட்டு போர் எங்க இருக்குன்னு பாத்தீங்களா? உறிஞ்சு குழிக்கும் குடிக்கற தண்ணி எடுக்கற கெணறு போருக்கும் நடுவுல 60 அடியாவது விடணும். அஞ்சு சென்ட் சைட்ல 60 அடிக்கு எங்க போறது, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் அவங்களுக்கும் ஒரு போர் இருக்குமே. இதவிட மோசம், குளிக்கற தண்ணிதானேன்னு மழைநீர் சேகரிப்புத் தொட்டில பைப்ப சொருவறது. 2003-ல எல்லா வீட்லயும் கட்டாயமாக்குனப்ப கட்டுன தொட்டி, மழத் தண்ணிய நேரா பூமிக்குள்ள எறக்கறதுக்கு இருக்கறது, அதுல சோப்புத் தண்ணிய விட்டா அடுத்து அது உங்க போர்லதான் வரும். குளிக்கற தண்ணி, வாஷ் பேசின் தண்ணிய மட்டும் தனியாப் பிரிச்சு வாழைக்கும் கல்வாழைக்கும் விடுங்க, நல்லா வளரும், கக்கூஸ் லைன் மட்டும் டேங்குக்குப் போகட்டும்.

உள்ள வர்ற தண்ணி லைனுக்கு அவ்ளோ கதை இல்ல. மேல் டேங்க்ல இருந்து தனியா ஒரு லைன், எடுக்கற எடத்துலயே ஒரு வால்வு, பொடக்காலில எங்கயாவது ஒடைஞ்சா வீட்டுக்கு தண்ணி நிக்கக் கூடாது. அம்பது அடிக்கு அரை இன்ச் பைப்ப இழுத்துட்டு ஷவர் நூல் மாதிரி வருதுன்னு சொன்னா நான் என்ன பண்றது, ஒரு இன்ச்ல கொண்டு வந்து ரூம் கிட்ட முக்காலா கொறைச்சு குழாய்க்கு மட்டும் அரை வைங்க. கழிவு பைப் போற அதே குழியில பக்கத்துல படுக்க வைக்காதீங்க, தள்ளி, மேலாப்ல போகட்டும். சுடுதண்ணிக்கு சிபிவிசிதான், யுபிவிசி சூடு தாங்காது, கலர் பாத்து ஏமாறாதீங்க பைப் மேல அச்சடிச்சத படிங்க. மூடறதுக்கு முன்னாடி தண்ணிய நிரப்பி ஒரு ராத்திரி விட்டுட்டு, காலைல ஈரம் இருக்கான்னு பாத்துட்டு, அளக்கற டேப்ப பக்கத்துல வெச்சு ஃபோன்ல நாலு ஃபோட்டோ எடுத்துட்டு, மேல ஒரு வரிசை செங்கல் அடுக்கிட்டு மண்ணத் தள்ளுங்க. நாளைக்கு வாழக்கன்னு வைக்க மம்பட்டி போடறவருக்கு பைப் இருக்கறது தெரியணும்ல.

அப்பறம் கீசர். 2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அத கொய்யா மரத்துல தொங்கப் போட்ட எக்ஸ்டென்ஷன் வயர்ல ஓட்டற வீட்ட நான் பாத்திருக்கேன், கையெடுத்துக் கும்புட்டு வந்துட்டேன். மெயின் போர்டுல இருந்து தனி லைன், எர்த், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்), இதெல்லாம் எலக்ட்ரீசியன் பாக்க வேண்டியது, பிளம்பர் கிட்டயே "அதையும் சேத்து பண்ணிருங்க"ன்னு விடாதீங்க.

இப்ப முந்தாநேத்து ராத்திரி பத்து மணிக்கு வேற ஒரு வீட்ல இருந்து ஃபோன், ரெண்டு வருசம் முன்னாடி நான் போட்டுக் குடுத்த கெஸ்ட் ரூம், பாத்ரூம் நாறுது, பைப் எங்கயோ ஒடைஞ்சு போச்சு, உடனே வாங்கன்னு. அந்த ரூம்ல கடைசியா எப்பங்க குளிச்சீங்கன்னு கேட்டேன். யோசிச்சுட்டு, மச்சான் வீட்ல வந்திருந்தாங்களே, பொங்கலுக்குன்னாரு. நானி ட்ராப்புல நிக்கற ரெண்டு இன்ச் தண்ணிதான் டேங்க் கேஸ உள்ள வராம தடுக்கறது, வெயில் காலத்துல ஆள் பொழங்கலன்னா அது காஞ்சு போயிரும். ரெண்டு மக்கு தண்ணி ஊத்திட்டு, ஃப்ளஷ் ஒரு தடவ அழுத்திட்டு, ஜன்னலத் தொறந்து வெச்சுட்டு தூங்குங்கன்னேன். காலைல வாட்ஸ்அப்ல கட்டை விரல் மட்டும் அனுப்பிருந்தாரு.