பாடம் போய்விடும், பதில் திரும்பி வருகிறதா? வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளி செய்ய வேண்டியவை

மழை லீவு அறிவிப்பு டிவியில் ஓடி முடிவதற்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் வந்து விழுந்துவிடுகிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு வந்த பழக்கம் இது. கொரோனா ஓய்ந்துவிட்டது, வீட்டிலிருந்து படிக்க வேண்டிய தேவை ஓயவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை, புயல், அம்மை போட்டுப் பத்து நாள் படுத்த பிள்ளை, கால் எலும்பு முறிந்து ஒன்றரை மாதம் மாவுக்கட்டோடு இருக்கும் பிள்ளை, தொடர் சிகிச்சைக்காக மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலையும் பிள்ளை என்று எந்த மாதம் எடுத்தாலும் பள்ளியில் யாராவது ஒருவர் வீட்டில்தான் இருக்கிறார்.

இவர்களுக்குப் பாடத்தை அனுப்புவது இன்று பெரிய வேலையே இல்லை. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. பாடநூலிலேயே க்யூஆர் கோடு இருக்கிறது. யூடியூபில் வீடியோவுக்குப் பஞ்சமில்லை. அறுந்துபோவது வேறோர் இடத்தில். பிள்ளை எழுதியது ஆசிரியர் கைக்குத் திரும்பி வர வேண்டும், அவர் அதைப் பார்த்துவிட்டார் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். இந்த இரண்டும் நடக்காத வீட்டில் மூன்றாம் நாள் பிள்ளை நோட்டை மூடிவிடும்.

போன் யாருடையது?

"வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். அதை நம்பிக் காலை 10 மணிக்கு வகுப்பு வைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். போன் அப்பாவுடையது, அப்பா எட்டு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டார். அல்லது அக்காவும் தம்பியும் ஒரே போனில் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புக்குப் போக வேண்டும். அந்தச் சண்டையில் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பது பெண் பிள்ளைதான். இதை வருகைப்பதிவில் "ஆப்சென்ட்" என்று குறிப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே ஜூன் மாதத்திலேயே, முதல் பெற்றோர் கூட்டத்தன்று, ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். போன் யாருடையது, அது வீட்டில் எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை இருக்கும், அதை எத்தனை பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்கிறார்கள், தினசரி டேட்டா பேக் உண்டா, டிவி உண்டா, வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர் யார், அதே தெருவில் இருக்கும் வகுப்புத் தோழர் யார். 40 பிள்ளைகள் என்றாலும் ஒரு மாலையில் முடிந்துவிடும். சிம் மாறும், ரீசார்ஜ் நிற்கும். அதனால் பருவத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். தெருத் தோழர் என்ற கட்டம்தான் சாதாரண நாளில் வீண் போலத் தெரியும், வெள்ளத்தில் அதுவே கைகொடுக்கும்.

இந்த நோட்டைப் பார்த்தாலே நேரலை வகுப்பு வைக்க வேண்டிய நேரம் தெரிந்துவிடும். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் அதிகமுள்ள ஊரில் அது மாலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள்தான் இருக்கும். முழு வகுப்பையும் ஒரே திரையில் அடைக்காமல் ஐந்தாறு பேராகப் பிரித்து, குழுவுக்கு 20 நிமிடம் என்று வாரத்தில் இரண்டு நாள் பேசினால் போதும். மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) இணையவழி வகுப்புகளுக்காக 2020 ஜூலையில் வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதல்களே 1 முதல் 8 வரை ஒரு நாளைக்கு இரண்டு அமர்வு, 9 முதல் 12 வரை நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம் என்கின்றன. பள்ளி நேர அட்டவணையை அப்படியே திரைக்கு மாற்றி எட்டு பீரியடு நடத்துவது பிள்ளையின் கண்ணுக்கும் கேடு, டேட்டாவுக்கும் கேடு. குழு வீடியோ அழைப்பு ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேலும் இழுக்கும். தினம் ஒன்றரை ஜிபி பேக்கை மூன்று பேர் பங்கிடும் வீட்டில் மதியத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். ஐந்து நிமிட வாய்ஸ் மெசேஜ் ஏறத்தாழ ஒரு எம்பிதான். இந்த வித்தியாசத்தை ஆசிரியர் அறையில் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு, ஒரு பதில்

ஏழாம் வகுப்பு, முழுக்கள். வீட்டுப்பாடமாக (−7) + 3 கொடுத்திருக்கிறீர்கள். போட்டோவில் −10 என்று வருகிறது. சிவப்பில் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்பினால் அந்தப் பிள்ளைக்குத் தப்பு என்று தெரியும், ஏன் தப்பு என்று தெரியாது. வகுப்பில் என்றால் பக்கத்தில் போய் நின்று கேட்டிருப்பீர்கள். இங்கே விடையிலிருந்தே ஊகிக்க வேண்டும். 7-ஐயும் 3-ஐயும் கூட்டிவிட்டு, முன்னால் இருந்த கழித்தல் குறியை அப்படியே ஒட்டியிருக்கிறது பிள்ளை. இதற்கு 20 விநாடி வாய்ஸ் மெசேஜ் போதும்: "கண்ணு, எண்கோடு ஒண்ணு போடு. மைனஸ் ஏழுல நில்லு. கூட்டல்னா வலது பக்கம். மூணு அடி எடுத்து வை. எங்க வந்து நிக்குற? எனக்கு அந்தக் கோட்டை மட்டும் படம் எடுத்து அனுப்பு." பிள்ளை −4-இல் வட்டமிட்டு அனுப்பும். அடுத்த கணக்கு (−2) + 9 கொடுத்துப் பாருங்கள், பூஜ்யத்தைத் தாண்டிப் போகத் தெரிகிறதா என்று தெரிந்துவிடும்.

இப்படி 40 பேருக்கும் எல்லாப் பாடத்திலும் தினமும் செய்ய முடியாது. செய்யவும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பாடத்துக்கு மூன்றே கேள்வி கொடுங்கள். எட்டுப் பேருக்கு மட்டும் இவ்வாறு விரிவாகப் பதில் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு "பார்த்தேன், இரண்டாவதை மறுபடி போடு" என்று ஒரு வரி. ஐந்து நாளில் சுற்று முடிந்துவிடும். அன்று யாருக்கு முறை என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவர்கள் காத்திருப்பார்கள்.

போட்டோ எடுக்கவும் சொல்லித்தர வேண்டும். பென்சிலில் எழுதி, டியூப்லைட்டுக்கு அடியில், தன் கை நிழல் விழ எடுத்த படத்தை வாட்ஸ்அப் மேலும் சுருக்கும்போது ஒன்றும் தெரியாது. நீலப் பேனாவில் எழுது, வாசல் பக்கம் வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு நோட்டைத் தரையில் வை, போனை நோட்டுக்கு நேர் மேலே பிடி, பக்கத்துக்கு ஒரு படம், மேலே பெயரும் தேதியும். இதையே ஒரு நிமிட வீடியோவாக எடுத்து அனுப்பினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு எழுத்தைவிட வாசிப்புதான் முக்கியம். நாலு வரிப் பத்தியைப் பிள்ளை வாசித்து வாய்ஸ் மெசேஜாக அனுப்பட்டும். எழுத்துக் கூட்டி வாசிக்கிறதா, சொல்லாக வாசிக்கிறதா, முந்தைய ஆண்டு மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறதா என்று கேட்டவுடன் தெரியும். சந்தேகம் இருந்தால் அதே சொற்களை வரிசை மாற்றி எழுதி அனுப்புங்கள். வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு எழுத்துச் செய்தியால் பயனில்லை. அவர்களுக்கான குறிப்பும் குரலில்தான் போக வேண்டும்.

குழுவும் எழுத்துருவும்

வகுப்புக் குழுவில் பாடம் போட்டவுடன் "ஓகே மிஸ்", "தேங்க்யூ மிஸ்" என்று 35 செய்திகள் விழும். பாடம் மேலே எங்கோ போய்விடும். குழுவில் அட்மின் மட்டும் செய்தி போடுமாறு மாற்றிவிட்டு, பதில்கள் பள்ளிக்கென்று உள்ள தனி எண்ணுக்கு வரட்டும். குழுவில் ஒவ்வொரு தாயின் எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதையும் யோசியுங்கள். தெரியாத ஆட்கள் கூப்பிடுகிறார்கள் என்று பெண்கள் குழுவைவிட்டு வெளியேறுவது இதனால்தான். பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் ஆசிரியர் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். பெற்றோர் கூட்டத்திலேயே பதிய வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிப்பதே இல்லை. பாமினி, வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பைப் போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலைந்து கிடக்கும். பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஆனால் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையின் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் செயலி) அதை உளறலாகத்தான் படிக்கும். எல்லாப் போனிலும் சரியாகத் தெரியும் யூனிகோடு முறையில் தட்டச்சு செய்து, சாதாரணச் செய்தியாகவே அனுப்புங்கள். செவித்திறன் குறைந்த பிள்ளை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேசினால் ஆசிரியர் முகம் கறுத்துவிடும். வெளிச்சம் முகத்தில் விழ உட்காருங்கள், முக்கியச் சொற்களைப் பலகையில் எழுதுங்கள். பள்ளிக்கு வர இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு சமக்ர சிக்ஷா என்ற அரசுக் கல்வித் திட்டம் மூலம் சிறப்பாசிரியர் வீட்டுக்கே போகும் ஏற்பாடு இருக்கிறது. வகுப்பாசிரியர் அந்தச் சிறப்பாசிரியரோடு பேசாவிட்டால் அந்தப் பிள்ளை பெயர் மட்டும் வருகைப்பதிவில் இருக்கும்.

மின்சாரமே இல்லாத நாளில்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையையும் சுற்று மாவட்டங்களையும் நினைத்துப் பாருங்கள். பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை, புத்தகமே நனைந்துபோனது. அப்படிப்பட்ட வாரத்துக்கு லிங்க் எதற்கு? வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கும். அதற்கு முன்பே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் பத்து தாள் கொடுத்துவிடலாம்: ஐந்து நாளுக்கு, நாளுக்கு இரண்டு. புதிய பாடம் வேண்டாம், நடத்தி முடித்தவற்றிலிருந்து பயிற்சி மட்டும். துணைக்கு ஆளில்லாமல் பிள்ளை தானே செய்ய வேண்டும். விடைத்தாள் உள்ளே வேண்டாம். தண்ணீர் வடிந்ததும் தெருத் தோழர்கள் இருவராக உட்கார்ந்து பார்க்கலாம், பிறகு ஆசிரியர் பார்ப்பார்.

நீண்ட நாள் மூடல் என்றால் தாள் போகவும் வரவும் ஒரு நாள் வேண்டும். 2020-இல் சத்துணவுக்குப் பதிலாகக் கொடுத்த அரிசி, பருப்பை வாங்கப் பெற்றோர் பள்ளிக்கு வந்த நாள் இதற்கு நன்றாக ஒத்துவந்தது. வேறொரு நாள் குறித்து அழைத்தால் அன்றைய கூலி போகும். பக்கத்துத் தெருப் பெரியவர்களால் எவ்வளவு முடியும் என்பதை 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் காட்டியது. மாலை 5 முதல் 7 மணிக்குள் பதினைந்து, இருபது பிள்ளைகளோடு ஒரு தன்னார்வலர் உட்கார்ந்தாலே படிப்பு நூல் அறாமல் இருந்தது.

அம்மை போட்ட பிள்ளை வீட்டுக்கு மட்டும் யாரையும் தாளோடு அனுப்ப வேண்டாம். கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை தொற்றும். காய்ச்சல் இருக்கும் முதல் மூன்று நான்கு நாளில் எந்த வேலையும் கொடுக்காதீர்கள். "தூங்கு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஆசிரியர் குரல் போனால் போதும். அதற்குப் பிறகு தினம் அரை மணி நேரப் படிப்பு.

பாதுகாப்பு

2021-இல் இணைய வகுப்பில் ஆசிரியர் தவறாக நடந்துகொண்டதாகப் புகார்கள் எழுந்தபோது, இணையவழி வகுப்புகளை முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழக அரசு சொன்னது. அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஆசிரியர் ஒரு பிள்ளையோடு தனியாக வீடியோ அழைப்பில் பேசக் கூடாது. பேசியே ஆக வேண்டுமென்றால் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வகுப்பு லிங்கைப் பொதுவில் போடாதீர்கள், காத்திருப்பு அறையை இயக்கி, பெயர் பார்த்து உள்ளே விடுங்கள், திரை பகிர்வது ஆசிரியருக்கு மட்டும் இருக்கட்டும். கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஒரே அறை வீட்டில் பின்னால் யார் படுத்திருக்கிறார்கள், என்ன சண்டை நடக்கிறது என்று எல்லோரும் பார்ப்பது பிள்ளைக்குக் கூச்சம். 1098, 14417, 1930 ஆகிய மூன்று எண்களும் எதற்கு என்று பிள்ளைகளுக்கு வாயாலே சொல்லித்தாருங்கள்: முறையே, ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு, கல்விச் சந்தேகமும் மன அழுத்தமும் உள்ளவருக்கு, இணைய மோசடிக்கு.

மூன்றாம் நாள்

இரண்டு நாள் பதில் வராவிட்டால் மூன்றாம் நாள் போன். எடுக்காவிட்டால் தெருத் தோழர் வீட்டுக்குப் போன். அதுவும் நடக்காவிட்டால் அந்த வாரத்துக்குள் ஒருவர் நேரில் போக வேண்டும். "ஏன் அனுப்பலை?" என்று தொடங்காமல் "சாப்பிட்டியா? வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று தொடங்குங்கள். 13, 14 வயதுப் பையன் மௌனமாகிவிட்டால் வேலைக்குப் போகிறானா என்றும், பெண் பிள்ளை மௌனமாகிவிட்டால் கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரு வாரத் தாமதம் பெரிய தாமதம்.

பிள்ளை திரும்பி வரும் நாளில் தேர்வு வைக்காதீர்கள். விடுபட்டதையெல்லாம் பார்த்து எழுதச் சொல்லாதீர்கள், கை வலிக்கும், பாடம் ஏறாது. விடுபட்ட பாடங்களில் எதைத் தெரியாமல் அடுத்த பாடம் புரியாதோ அதை மட்டும் எடுத்து, ஒரு வாரம் தினம் 20 நிமிடம் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். வீட்டிலிருந்து அனுப்பிய படங்களில் இரண்டை அச்செடுத்து அந்தப் பிள்ளையின் நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதியிட்டு ஆசிரியர் கையெழுத்துப் போடட்டும்.