எந்தக் கிறிஸ்துமஸ்?

"ஒரு கணினி விளையாட்டு என்றைக்கு வெளிவரும் என்று என் மகனும் அவன் நண்பர்களும் ஆளுக்கொரு தேதி எழுதிவைத்திருக்கிறார்கள். தோற்பவர்கள் பரோட்டா வாங்கித் தர வேண்டுமாம். இதைக் கணிக்க அறிவியலில் வழி உண்டா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். உண்டு. பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

இத்தகைய காத்திருப்புகளில் பெயர்போனது பெர்ல் 6 என்ற நிரலாக்க மொழி. பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால் 2000 ஜூலையில் அதை அறிவித்தார். எப்போது வரும் என்று கேட்டால் 'கிறிஸ்துமஸுக்கு' என்று பதில் கிடைக்கும். எந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்! நிரலாளர்களிடையே இந்த நகைச்சுவை ஆண்டுக்கணக்கில் ஓடியது.

பலருடைய ஊகங்களைத் திரட்டினால் விடை கிடைக்காதா? காளையின் எடைக்குக் கிடைக்கும். இங்கிலாந்தின் பிளிமத் கால்நடைக் கண்காட்சியில் நடந்த எடை ஊகிக்கும் போட்டியின் சீட்டுகள் 787-ஐ ஆராய்ந்து, நடுமதிப்பு (ஊகங்களை வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் நிற்பது) ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே பிசகியிருந்தது என்று 1907-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் எழுதினார். ஆனால் காளை எல்லோர் கண்ணெதிரிலும் நின்றது. மென்பொருள் அப்படி நிற்பதில்லை. அதற்குக் காத்திருப்பவர்கள் ஆசையை வைத்து ஊகிக்கிறார்கள். எல்லோருடைய ஆசையும் 'சீக்கிரம்' என்ற ஒரே பக்கம்தான் சாயும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. 1969-இல் ரிச்சர்ட் காட் என்ற இளைஞர் பெர்லின் சுவரைப் பார்க்கப் போனார். பின்னாளில் அவர் பெயர்பெற்ற வானியற்பியலாளர். சுவருக்கு அப்போது வயது 8. அரசியல் எதையும் ஆராயாமல், அது இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்று கணக்குப் போட்டார்.

16 சாண் நீளமுள்ள கயிறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை சுவரின் பிறப்பு, மறுமுனை அதன் முடிவு. கண்ணை மூடிக்கொண்டு எங்கேனும் விரலை வையுங்கள். நடுவில் உள்ள 8 சாணுக்குள் விரல் விழ வாய்ப்பு சரிபாதி. 4-ஆம் சாணில் விழுந்தால் கடந்தது 4, மிச்சம் 12: மூன்று மடங்கு. 12-ஆம் சாணில் விழுந்தால் மிச்சம் 4: மூன்றில் ஒரு பங்கு. ஆக, கயிற்றின் நீளமே தெரியாவிட்டாலும், மிச்சம் என்பது கடந்ததன் மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்று மடங்குக்கும் இடையே இருக்க 50 விழுக்காடு வாய்ப்பு. சுவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு எட்டு மாதம் முதல் 24 ஆண்டுகள் வரை. 20 ஆண்டுகள் கழித்து, 1989-இல் சுவர் வீழ்ந்தது. 1993-இல் இந்தக் கணக்கு 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பூமி ஒன்றும் பிரபஞ்சத்தின் மையமல்ல என்ற கோப்பர்னிகஸின் பாணியில், நாம் வந்து நிற்கும் கணமும் விசேஷமானதல்ல என்ற பணிவுதான் இதன் ஆணிவேர்.

பெர்லுக்கு வருவோம். 2001-இல் கேட்டவருக்கு 'நான்கு மாதம் முதல் மூன்று ஆண்டு' என்று வந்திருக்கும், தவறு. 2005-இல் கேட்டவருக்கு ஓர் ஆண்டு எட்டு மாதம் முதல் 15 ஆண்டு, சரி. ஏனெனில் மொழி வெளிவந்தது 2015 டிசம்பர் 25. கிறிஸ்துமஸேதான்! 2004 நடுவிலிருந்து 2012 தொடக்கம் வரை யார் கேட்டிருந்தாலும் காட் ஜெயித்திருப்பார். அதற்கு முன்னும் பின்னும் கேட்டவர்களிடம் தோற்றிருப்பார். மொத்தக் காத்திருப்பில் அது மிகச் சரியாகப் பாதி. இதை முதன்முதலில் தாளில் வரைந்து பார்த்த அன்று நான் சிரித்துவிட்டேன்.

ஜோசியருக்கும் ரிச்சர்ட் காட்டுக்கும் வேறுபாடு இங்கேதான். ஜோசியர் 'தை பிறந்தால் நடக்கும்' என்பார்; நடக்காவிட்டால் கிரகத்தின் மேல் பழி. காட் தன் தோல்வியின் அளவையும் முன்பே சொல்லிவிடுகிறார். ஆய்வு நிதி கேட்கும் படிவங்களில் 'பணி முடியும் நாள்' என்றொரு கட்டம் இருக்கும். அதில் ஒற்றைத் தேதி எழுதச் சொல்வதும் ஜோசியம்தான் என்பது என் கருத்து. ஓர் இடைவெளியை எழுத அனுமதித்தால் பாதிப் பொய் குறையும்.

வேறு செய்தி எதுவும் கையில் இல்லாதபோதுதான் கயிற்றுக் கணக்கு செல்லும். 2015 தொடக்கத்தில், இந்த ஆண்டே தந்துவிடுவோம் என்று லாரி வால் அறிவித்த பிறகும் 'இன்னும் ஐந்து முதல் 43 ஆண்டு' என்று சொல்பவர் கணிதம் தெரிந்த முட்டாள்.

விளையாட்டை அறிவித்து எத்தனை ஆண்டாயிற்று என்று மகனிடம் கேளுங்கள், அம்மா. மூன்று என்றால், இன்னும் ஓராண்டு முதல் ஒன்பது ஆண்டு. பரோட்டாப் பந்தயத்துக்கு இது உதவாது. பையன் அதற்குள் சம்பளம் வாங்கத் தொடங்கிவிடுவான்.