இட்டாலிக்: சாய்வெழுத்தா, பாய்வெழுத்தா?

பந்தயக் கார், ஓட்டக் காலணி, உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றின் பெயர்ப்பொறிப்புகளைப் பாருங்கள். எழுத்து தடித்திருக்கும், வலப்பக்கம் சாய்ந்திருக்கும், வளைய வேண்டிய முனைகள் கத்தியால் சீவியதுபோல் கோணலாக வெட்டுப்பட்டிருக்கும். வடிவமைப்பாளர்கள் இதை ‘போல்டு இட்டாலிக்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்.

இட்டாலிக் என்றால் ‘இத்தாலிக்குரியது’, அவ்வளவுதான். வெனிசில் ஆல்டஸ் மனூசியசின் அச்சகத்துக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ இந்த அச்செழுத்தை வெட்டினார். முழுக்க முழுக்க இதில் அச்சான முதல் நூல், பண்டைய இலத்தீன் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகள் (1501). அக்காலக் கற்றோரின் விரைவுக் கையெழுத்தே இதற்கு முன்மாதிரி. இத்தாலியர்களோ இதைத் தங்கள் நாட்டுப் பெயரால் அழைப்பதில்லை, ‘கொர்சீவோ’ என்கிறார்கள். ‘ஓடு’ என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. ஜெர்மானியரின் ‘குர்சீவ்’ என்பதற்கும் அதே வேர்தான்.

ஒரு நுட்பம் உண்டு. அசல் இட்டாலிக்கில் எழுத்தின் உருவமே மாறும். ரோமன் எனப்படும் நிமிர்ந்த எழுத்திலுள்ள ‘a’யின் மேல்வளைவு மறைந்து, கையால் எழுதியதுபோல் ஆகிவிடும். நிமிர்ந்த எழுத்தை அப்படியே சாய்த்துவிட்டால் அதன் பெயர் ‘ஒப்ளிக்’. பந்தயக் கார் எழுத்துகள் பெரும்பாலும் இந்த வகை. கணினியில் தமிழை ‘இட்டாலிக்’ ஆக்கும்போது நாம் பெறுவதும் பெரும்பாலும் இதுவே.

தமிழில் ‘சாய்வெழுத்து’ நிலைத்துவிட்டது. பொருள் சரி, ஆனால் இந்தப் பயன்பாட்டுக்கு அதன் தொனி கொஞ்சம் இடிக்கிறது. ‘சாயல் மென்மை’ என்பது தொல்காப்பியம். போரில் சாய்ந்தான் என்றால் வீழ்ந்தான். சாய்வு நாற்காலியோ பின்னால் சரிந்து ஓய்வெடுக்க. முன்னால் பாய்வதைக் காட்டவந்த எழுத்துக்கு இத்தனை அசதி எதற்கு? இடமிருந்து வலமாகப் படிக்கும் கண்ணுக்கு வலச்சாய்வு முன்னோக்கிய நகர்வாகத் தெரிவதால்தான் அதில் வேகம் இருக்கிறது. எனவே பொதுவில் ‘சாய்வெழுத்து’ இருக்கட்டும். வணிகச் சின்னங்களுக்கு ‘முன்சாய்வெழுத்து’ என்பேன். ‘பாய்வெழுத்து’ இன்னும் பிடிக்கும், ஆனால் விளக்கம் கேட்பார்கள்.

‘போல்டு’ தடித்த எழுத்து. இதில் சிக்கல் இல்லை. இத்தகைய எழுத்துருக்களுக்கு வழங்கும் ‘டிஸ்பிளே’ என்பதைச் சிலர் ‘காட்சி எழுத்துரு’ என்கிறார்கள். எந்த எழுத்துதான் கண்ணுக்குக் காட்சி தரவில்லை? பத்திக்கு ஒவ்வாமல் பெரிய அளவில் மட்டும் எடுபடுவது என்பதே கருத்து. ‘தலைப்பெழுத்து’ எனலாமென்றால், அது பெயருக்கு முன்னால் போடும் முன்னெழுத்தாகிவிடுகிறது. ‘தலைப்பு எழுத்துரு’ என்று பிரித்து எழுதினால் குழப்பம் தீரும். கூர்முனைகளுக்குக் ‘கோணெழுத்து’ என்பதில் தயக்கம் வேண்டாம். வளைவைக் கொண்டு ‘வட்டெழுத்து’ என்று பெயர் வைத்த மொழிதானே இது.

இனி வடிவமைப்பாளரிடம் இப்படிக் கேட்கலாம்: “சின்னத்துக்குத் தடித்த, முன்சாய்ந்த கோணெழுத்து வேண்டும். ணகரச் சுழி அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.”