பிள்ளையின்ர கையில இருந்து அதைப் பறிக்காதேங்கோ

நான் ஒரு எலெக்ரிக்கல் எஞ்சினியர், ரீச்சர் இல்லை. முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டா பிள்ளையளைப் பிழை விட்டுத் தாங்களே கண்டுபிடிக்க விடுங்கோ எண்டு நான் எழுதிற இதை வாசிச்சுப்போட்டு "நீங்கள் ஒரு வகுப்பில போய் நிண்டு பாருங்கோ, அப்ப தெரியும்" எண்டு சொல்ல ஆக்கள் இருக்கினம், அவை சொல்லுறதும் நியாயம்தான். ஆறு வருசமா சனிக்கிழமை பின்னேரங்களில எங்கட ஊர் சனசமூக நிலையத்தில தரம் 6இல இருந்து 10 வரைக்கும் படிக்கிற பிள்ளையளோட, கையால செய்து பாக்கிற சின்னச் சின்ன விஞ்ஞான வேலையள் செய்யிறம். ஒரு ரியூசனுக்கும் அடுத்த ரியூசனுக்கும் இடையில கிடைக்கிற ஒண்டரை மணித்தியாலம்தான் எங்களுக்கு.

முதல் நாள் எப்பவும் ஒரே வேலைதான். ஒரு 1.5 வோல்ற் பற்றறி, பழைய ரோச்சுக்குப் போடுற குண்டு பல்ப் ஒண்டு, ஒரு துண்டு வயர். ஒரே ஒரு வயர்தான். பல்பை எரிய வையுங்கோ. (இந்தப் பல்ப் இப்ப லேசில கிடைக்காது, எல்லாம் எல்இடி ஆப்போச்சு, ரவுணுக்க ஒரு பழைய கடைக்காரர் எனக்கெண்டு எடுத்து வச்சிருக்கிறார்.)

மின்சுற்றுக்கு முழுப் புள்ளி எடுக்கிற பிள்ளையள்தான் அனேகமா முதல்ல தடக்குப்படுறது. போன வருசம் தரம் 10 பிள்ளை ஒண்டு வந்தவ, ஓமின் விதிக் கணக்கெல்லாம் அவவுக்குத் தண்ணி பட்ட பாடு. வயரின்ர ஒரு நுனியை பற்றறியின்ர மூக்கில வச்சா, மற்ற நுனியை பல்பின்ர அடியில வச்சா, பாத்துக்கொண்டு இருந்தா. எரியேல்ல. "பல்ப் பியூஸ் சேர்." வேற பல்ப் குடுத்தன். அதுவும் பியூஸாம். பிறகு பற்றறி சரியில்லையாம். எனக்குக் கை துருதுருக்குது, வாயைத் திறந்தா சொல்லிப்போடுவன் எண்டு வெளியில போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தன். வரேக்க அவ வயரின்ர ரெண்டு நுனியையும் பற்றறியின்ர ரெண்டு பக்கமும் அமத்திப் பிடிச்சுப்போட்டு "ஐயோ சுடுது" எண்டு கையை உதறுறா.

"பல்ப் இல்லாம வயர் ஏன் சுடுது?" எண்டு மட்டும் கேட்டன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இதால ஏதோ போய்ச் சுத்தி வருது போல... அப்ப பல்புக்குள்ளாலயும் போய் வெளியில வரவேணும்... எதால வெளியில வரும்?" எண்டு தனக்குள்ள கதைச்சுக்கொண்டு பல்பைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தா. அடியில ஈயப் பொட்டு ஒண்டு. பக்கத்தில புரி வெட்டின தகரம். ரெண்டுக்கும் நடுவில கறுப்பா ஒரு வளையம். "சேர், இதுக்கு ரெண்டு இடம் இருக்கு!" ஈயப் பொட்டை பற்றறி மூக்கில நிப்பாட்டி, பற்றறியின்ர அடியில இருந்து வயரைக் கொண்டுவந்து தகரத்தில தொட்டா. எரிஞ்சுது. புத்தகத்தில பல்பெண்டா ஒரு வட்டம், உள்ள ஒரு புள்ளடி, ரெண்டு பக்கமும் கோடு. அதை எத்தினை தரம் கீறியிருப்பா அந்தப் பிள்ளை, ஆனா அந்த ரெண்டு கோடும் உண்மையான பல்பில எந்த ரெண்டு இடத்தில வந்து முட்டுது எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல.

இதெல்லாம் முடிய இருபது நிமிசம். அண்டைக்கு அடுத்த மேசையில ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு போக வந்த தகப்பன், "இஞ்ச தா, இதென்ன பெரிய வேலையே" எண்டு வாங்கிப் பத்து செக்கனில எரிய வச்சுக் காட்டினார். பெடியன் ஓமெண்டு தலையாட்டிப்போட்டு பையைத் தூக்கிக்கொண்டு போட்டான், பல்பைத் திரும்பிப் பாக்கக்கூட இல்லை. இதைத்தான் நான் எல்லா அப்பா அம்மாமாருக்கும் சொல்லுறது. பிள்ளை பிழையாச் செய்யிற அந்த நேரத்திலதான் அது யோசிக்குது, நாங்கள் போய்ப் பறிச்சுச் சரிப்பண்ணிக் குடுத்தா யோசினையும் எங்களோட வந்திடும்.

கண்காட்சி மொடல் கதையைச் சொல்லாமல் விடேலாது. எரிமலையே இல்லாத நாட்டில வருசா வருசம் எரிமலை செய்யினம், அப்பச்சோடாவும் வினாகிரியும், அதுவும் முக்கால்வாசி அப்பாமார் செய்தது, பெயின்ற் அடிக்கிறது மட்டும் பிள்ளை. நுரைச்சுப் பொங்கிற அதே விஞ்ஞானம் எங்கட வளவுக்குள்ளயே கிடக்கு. யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுக்கு மேலதான் இருக்கு, வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை, கிணத்துத் தண்ணிதான் அனேகமா எல்லாத்துக்கும். கிணறு வெட்டேக்க எடுத்த கல்லில தேசிக்காய்ப் புளி நாலு துளி விட்டுப் பாக்கச் சொல்லுங்கோ, நுரைக்கும். பிறகு அடுப்படிக் கேத்திலுக்க பிடிச்சிருக்கிற வெள்ளைப் படையில விடச் சொல்லுங்கோ, அதுவும் நுரைக்கும். கல்லில இருந்தது எப்பிடிக் கேத்திலுக்க வந்தது எண்ட கேள்விக்கு ஒரு தரம் 7 பெடியனுக்கு ரெண்டு கிழமை எடுத்தது, விடை சரியா வந்தது.

பள்ளிக்கூடங்களைக் குறை சொல்லுறது லேசு. சின்னப் பாட நேரம், நாப்பது பிள்ளையள், பரீட்சைக்கு முதல் முடிக்கவேண்டிய சிலபஸ். எனக்குத் தெரிஞ்ச ஒரு பள்ளிக்கூடத்தில அம்மீற்றர் எல்லாம் அலுமாரிக்குள்ள பூட்டிக் கிடக்கு, உடைஞ்சா வருசக் கடைசிக் கணக்கெடுப்பில ரீச்சர்தான் பதில் சொல்லோணும், அப்ப ஆர் எடுத்துக் குடுப்பினம்? அதாலதான் உடைஞ்சாலும் ஒருத்தரும் கணக்குக் கேக்காத சாமானுகளோட நாங்கள் தொடங்கினது. ஒரு பிள்ளைக்கு 200 ரூபாவுக்குள்ள முடிஞ்சிடும். பெட்டியோட வாற ரோபோ கிற் வாங்கட்டோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது, முதல்ல வீட்டில உடைஞ்ச றிமோட் காரை அவனிட்டக் குடுங்கோ. அதுக்குள்ள பல்லுச்சில்லு பூட்டின மோட்டர் இருக்கும், சில்லைக் கையால சுத்தினா லேசாச் சுத்தும், மோட்டரின்ர ரெண்டு வயரையும் ஒண்டோட ஒண்டு முட்டவச்சுப்போட்டுச் சுத்தினா இறுகும். ஏனெண்டு அவனே வந்து கேப்பான். 90களில கறண்ட் இல்லாத காலத்தில சைக்கிளைக் கவிட்டு வச்சுப் பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோ கேட்ட ஆக்களுக்கு அந்த இறுக்கம் கையிலயே தெரியும்.

எஞ்சினியரிங் எண்டா என்னெண்டு விளங்கப்படுத்த எனக்கு நூலில ஏத்திற பட்டத்தைவிட நல்ல சாமான் கிடைக்கேல்ல. எங்கட வகுப்புக்கு வாற ஒரு பெடியன், பள்ளிக்கூடத்தில கணக்கில கடைசி வாங்கு, தை மாசத்தில வந்து பாருங்கோ, முச்சையின்ர (பட்டத்தில கட்டி ஏத்து நூலோட முடியிற நூலுகள்) மேல் நூலை ஒரு விரல் குறுக்கி ஏத்திப் பாப்பான், பிறகு இறக்கி அரை விரல் இளக்குவான், வாலில கை வைக்க மாட்டான். ஏன் ரெண்டையும் ஒண்டாய் மாத்தேல்ல எண்டு கேட்டன். "பிறகு எதால சரிவந்தது எண்டு தெரியாதே சேர்." கம்பசில எங்களுக்குப் படிப்பிச்ச அதே சங்கதி.

பயப்பிட வேண்டிய இடத்தில பயப்பிடுங்கோ. பிளக் பொயின்ற் 230 வோல்ற், அதில பரிசோதனை இல்லவே இல்லை. போன் பற்றறியைக் கழட்ட, குத்த, ஷோட் பண்ண விடாதேங்கோ, நெருப்புப் பத்தும். காசு மாதிரி இருக்கிற பட்டன் பற்றறி சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில வெளியில கிடக்கக் கூடாது, விழுங்கினா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிப்போடும், உடன ஆஸ்பத்திரிதான். மற்றபடி 1.5 வோல்ற்றில விரல் சுடுறது பெரிய விசயமில்லை.

போன மாசம் ஒரு தகப்பன் கோல் எடுத்தார். மகள் வீட்டு ரோச்சைக் கழட்டித் திரும்பப் பூட்டினவளாம், இப்ப எரியுதில்லையாம், உங்கட வகுப்பாலதான் எண்டார். சுருள்கம்பி மாறிப் போயிருக்கும், அவளிட்டயே குடுங்கோ, ரெண்டு நாளில கண்டுபிடிப்பாள் எண்டன். "அதெல்லாம் ஏன் சேர், புதுசு ஒண்டு வாங்கியாச்சு, புதுசை அவளுக்குக் கை எட்டாத இடத்தில வச்சிருக்கிறன்" எண்டார். அப்ப பழசையாவது குடுங்கோவன் எண்டு கேட்டன்.

அதைக் குப்பைக்குள்ள போட்டாச்சாம்.