டைல் மேல் ஒரு சொட்டு ஸ்பிரிட்: நிறம் ஓடுவது எப்படி?

பளபளப்பான வெள்ளை டைல் ஒன்று, பெர்மனென்ட் மார்க்கர் மூன்று நான்கு நிறத்தில், மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் கொஞ்சம், ஒரு இங்க் ஃபில்லர். இவ்வளவு இருந்தால் குழந்தைகளோடு ஒரு மாலைப்பொழுதை நன்றாகக் கழிக்கலாம். மார்க்கரால் டைல் மேல் பட்டை பட்டையாகக் கிறுக்கி நிரப்ப வேண்டும். அதன்மேல் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கோடுகள் கரைந்து, நிறங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வளையம் வளையமாக விரியும். எனக்குப் படம் வரைய வராது என்று ஒதுங்கி நிற்கும் பிள்ளையும் இதில் இறங்கிவிடும். வரைவது பாதிதான், மீதியைத் திரவமே பார்த்துக்கொள்கிறது. அந்த மீதிப் பாதியில் அருமையான இயற்பியல் இருக்கிறது.

முதலில் டைலைப் பார்ப்போம். நாம் தொட்டு வழுவழுப்பு என்று சொல்லும் மேற்பரப்பு உண்மையில் கண்ணாடி. அடியில் இருப்பது சுட்ட மண். அதன்மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனத்தில் கண்ணாடிப் படலம் ஒன்று உருகி ஒட்டியிருக்கிறது. கண்ணாடிக்கு மூலப்பொருள் மணலில் இருக்கும் சிலிக்கா. அது தனியாக உருக ஏறத்தாழ 1700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அவ்வளவு சூட்டில் அடியிலிருக்கும் மண்ணும் தாங்காது. அதனால் சோடியம், பொட்டாசியம், கால்சியம், போரான் போன்றவற்றின் சேர்மங்களைக் கலக்கிறார்கள். உருகும் வெப்பநிலை பல நூறு டிகிரி இறங்கிவிடுகிறது. உருகியது தண்ணீர்போல் வழிந்துவிடாமல் இருக்க அலுமினா. வெள்ளை வெளேரென்று தெரிய சிர்க்கான் துகள்கள். சூளையில் 1100 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வெந்து ஆறியபின், அந்தப் படலத்தில் மை நுழைய ஒரு துளைகூட இருப்பதில்லை.

காகிதத்தில் எழுதும்போது மை இழைகளுக்குள் இறங்கி, இறங்கிய இடத்திலேயே தங்கிவிடுகிறது. டைலில் அதற்குப் போக இடமில்லை. வரைந்ததெல்லாம் மேலேதான் நிற்கிறது. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லாமே வருகிறது: நிறம் நகர்வதும், பளிச்சென்று தெரிவதும், வேண்டாமென்றால் துடைத்துவிட முடிவதும்.

உள்ளே போகாத மை எப்படி ஒட்டுகிறது? பெர்மனென்ட் மார்க்கரின் மையில் முக்கியமாக மூன்று பொருள்கள்: நிறத்துக்குச் சாயம், பிடித்துக்கொள்ளப் பிசின், இரண்டையும் கரைத்து வைக்க ஆல்கஹால் வகைக் கரைப்பான். கோடு இழுத்த சில நொடிகளில் கரைப்பான் ஆவியாகிவிடும். மிஞ்சிய பிசின் சாயத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு மெல்லிய தோலாகக் காய்ந்துவிடும். அந்தப் பிசின் தண்ணீரில் கரையாது, அதனால்தான் ஈரத்துணியால் துடைத்தாலும் போகாது. ஸ்கெட்ச் பேனா மை தண்ணீரில் கரையும் வகை. அது டைலில் சரியாகப் படியவும் செய்யாது, ஈரத்துணி பட்டதும் போயும்விடும்.

வெள்ளைப் பலகையில் யாராவது தெரியாமல் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதிவிட்டால் ஆசிரியர்கள் ஒரு வேலை செய்வார்கள். அதன்மேலேயே சாதாரண போர்டு மார்க்கரால் ஒருமுறை எழுதி, உடனே துடைப்பார்கள். பழைய எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். புது மையில் இருக்கும் கரைப்பான் காய்ந்த பிசினை மறுபடி இளக்கிவிடுவதுதான் காரணம். நம் ஸ்பிரிட்டும் அதையேதான் செய்கிறது, இன்னும் தாராளமாக.

வரையும் முன் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் டைலை ஒருமுறை துடைத்துவிடுங்கள். விரல் பட்ட இடத்திலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அந்த இடத்தில் மை பரவாமல் பின்வாங்கி, விட்டுவிட்டுத் தெரியும்.

சரி, இப்போது ஒரே ஒரு சொட்டை மட்டும் விட்டு, கண்ணைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். அடர்நீலப் பட்டை ஒன்றின்மேல் சொட்டு விழுகிறது. தண்ணீராக இருந்தால் குமிழ்போல் குவிந்து நிற்கப் பார்க்கும். ஸ்பிரிட் அப்படி நிற்பதில்லை, விழுந்த வேகத்தில் தட்டையாகப் படர்ந்துவிடுகிறது. இது பரப்பு இழுவிசையின் வேலை. திரவத்தின் மேற்பரப்பு தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளப் பார்க்கும் விசை அது. ஸ்பிரிட்டுக்குப் பயன்படும் ஆல்கஹால்களில் ஒன்றான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு அது தண்ணீருக்கு உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. படர்ந்த ஸ்பிரிட்டுக்குள் நீலம் புகைபோலக் கலங்கி எழும். அப்புறம் நடுப்பகுதி வெளுக்க ஆரம்பிக்கும். ஓரத்தில் ஒரு கோடு கறுத்துக்கொண்டே வரும். ஓரிரு நிமிடத்தில் எல்லாம் காய்ந்து, வெளிறிய நடுவும் அடர்த்தியான விளிம்புமாக ஒரு வட்டம் நிற்கும்.

நிறம் ஏன் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தது? மேசையில் சிந்திய காபி காய்ந்தால் ஓரம் மட்டும் கறுத்து நிற்குமே, அதே கதைதான். இதற்குச் சரியான விளக்கம் 1997-இல்தான் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகனும் அவருடன் பணியாற்றியவர்களும் நேச்சர் என்ற அறிவியல் இதழில் அதை எழுதினார்கள். சொட்டின் விளிம்பு அடிப்பரப்பில் பற்றிக்கொள்கிறது, சுருங்கி உள்வாங்க முடிவதில்லை. திரவம் ஆவியாவதும் விளிம்பில்தான் வேகம். அங்கே குறைவதை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் வெளிநோக்கி ஓடிக்கொண்டே இருக்கிறது. வரும்போது சாயத்தையும் இழுத்து வருகிறது. திரவம் பறந்துவிடும், சாயம் பறக்க முடியாது, விளிம்பிலேயே குவியும். பாதி காய்ந்த வட்டத்துக்குள் இன்னொரு சொட்டு விட்டால், அது படிந்ததை மறுபடி கரைத்து வெளியே தள்ளும். வளையத்துக்குள் வளையம் இப்படித்தான் உண்டாகிறது.

சில டைல்களில் விளிம்பு வட்டமாக நிற்காமல் விரல் விரலாக நீளும். ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருந்தால் இதை எதிர்பார்க்கலாம். ஆல்கஹால் தண்ணீரைவிடச் சீக்கிரம் ஆவியாகும். மெல்லிய ஓரத்தில் அது முதலில் போய்விடுவதால் அங்கே தண்ணீரின் பங்கு கூடுகிறது, கூடவே பரப்பு இழுவிசையும் கூடுகிறது. இழுவிசை கூடிய இடம் குறைந்த இடத்திலிருந்து திரவத்தைத் தன் பக்கம் இழுக்கும். ஒயின் கிண்ணத்தின் உட்சுவரில் துளித்துளியாக இறங்கும் ‘ஒயின் கண்ணீருக்கு’ இதுதான் காரணம் என்று ஜேம்ஸ் தாம்சன் 1855-இல் விளக்கினார். இத்தாலியின் கார்லோ மாரங்கோனி 1865-இல் இதைப் பற்றி ஆய்வேடு வெளியிட்டார், விளைவு அவர் பெயரிலேயே நிலைத்துவிட்டது. மொபைல் ரிப்பேர் செய்பவர்கள் வைத்திருக்கும் தண்ணீர் கலக்காத ஐபிஏ (அதே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) கொஞ்சம் கிடைத்தால், இரண்டையும் ஒரே டைலில் பக்கத்துப் பக்கத்தில் விட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு வித்தியாசம் எங்கே என்று கண்டுபிடிப்பதில் தனிச் சந்தோஷம். ஜெல் சானிடைசரும் ஆல்கஹால்தான், ஆனால் கெட்டியாக்கும் பொருள் சேர்ந்திருப்பதால் ஓடாது, வைத்த இடத்திலேயே நிறத்தை இளக்கும்.

நிறத் தேர்வில் ஒரு சின்ன யோசனை. இந்தச் சாயங்கள் ஒளி ஊடுருவக்கூடியவை. ஒளி சாயத்தைத் தாண்டிப் போய், அடியில் உள்ள வெள்ளையில் பட்டு, மறுபடி சாயத்தின் வழியாகவே வெளியே வருகிறது. இருமுறை வடிகட்டப்பட்ட ஒளி அது. டைல் படம் பளிச்சென்று இருப்பதற்கு இதுவே காரணம், கறுப்பு டைலில் இதைச் செய்தால் ஒன்றும் தெரியாது. மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை வரும், நல்லது. ஐந்தாறு நிறங்கள் ஒரே இடத்தில் கலந்தால் ஒவ்வொன்றும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கி, கடைசியில் சேற்று நிறம்தான் மிஞ்சும். இரண்டு மூன்று நிறங்களோடு நிறுத்திக்கொள்வது என் விருப்பம். பிடிக்கவில்லையா, ஸ்பிரிட் பஞ்சால் முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். காகிதம் இந்த வாய்ப்பைத் தராது. தப்பாகிவிடுமோ என்று பயப்படும் பிள்ளைக்கு டைல்தான் சரியான இடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஸ்பிரிட்டின் ஆவி நம் ஊர் அறை வெப்பநிலையிலேயே தீப்பற்றும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சமையலறையில் வேண்டாம், விளக்கு, ஊதுவத்தி பக்கத்திலும் வேண்டாம். பாட்டில் பெரியவர் கையிலேயே இருக்கட்டும், ஃபில்லரை மட்டும் பிள்ளையிடம் கொடுங்கள். நிறத்தை ஊதித் தள்ள ஆசைப்பட்டால் வாயால் ஊத வேண்டாம், காலி ஃபில்லரை அழுத்தினாலே போதிய காற்று வரும். டைலின் ஓரம் கையைக் கிழிக்கும், செல்லோ டேப் ஒட்டிவிடுவது நல்லது.

டைலைத் திருப்பிப் பார்த்தால் இன்னொரு சோதனை காத்திருக்கிறது. முதுகுப்பக்கத்தில் கண்ணாடிப் படலம் கிடையாது. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுவருக்கு ஒட்டும் சாதாரண டைல் அதை உறிஞ்சிவிடும். தரைக்குப் போடும் விட்ரிஃபைடு டைலில் சொட்டு அப்படியே நிற்கும். சுவர் டைல் தன் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் குடிக்கக்கூடியது, விட்ரிஃபைடு அரை சதவீதத்தைத் தாண்டாது. உறிஞ்சும் முதுகில் கறுப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, நடுவில் ஸ்பிரிட்டை மெல்ல மெல்ல விட்டுப் பாருங்கள். கறுப்பு என்பது பல சாயங்களின் கலவையாக இருந்தால், மண்ணின் நுண்துளைகள் வழியே ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு தூரம் போய் நிற்கும். எல்லா மார்க்கரும் இப்படிப் பிரிவதில்லை. வேதியியல் கூடங்களில் கலவைகளைப் பிரிக்கும் குரோமட்டோகிராபியின் எளிய வடிவம் இது. முன்பக்கத்தில் நிறங்கள் கலந்து ஓட, பின்பக்கத்தில் பிரிந்து நிற்கின்றன!

படம் நிலைக்குமா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். செட்டிநாட்டு வீடுகளுக்குப் போனால் மயிலும் சாமி உருவங்களுமாக ஜப்பானிய டைல்கள் பதித்திருப்பதைப் பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கப்பலில் வந்தவை, நிறம் இன்னும் மங்கவில்லை. அவற்றில் நிறம் கண்ணாடியின் மேல் இல்லை, கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. கோபால்ட் நீலத்தையும் தாமிரம் பச்சையையும் தரும் உலோகச் சேர்மங்களை மெருகுக் கலவையிலேயே சேர்த்து, சூளையில் உருக்கிவிடுகிறார்கள். அதே வீடுகளில் தரையில் இருக்கும் ஆத்தங்குடிக் கல் வேறு வகை. அது சூளையைப் பார்த்ததே இல்லை. நிறம் கலந்த சிமெண்டைக் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுக்குள் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து இறுக்குகிறார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடித் தகடு தந்தது.

மார்க்கர் சாயம் கரிமச் சேர்மம், சூளைக்குள் வைத்தால் கண்ணாடி இளகுவதற்கு வெகு முன்பே எரிந்து போய்விடும். வீட்டு ஓவனில் 150, 180 டிகிரியில் வைத்துச் சுட்டால் நிரந்தரமாகிவிடும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். அந்தச் சூட்டில் டைலின் கண்ணாடி அசையவே அசையாது. சுடுவதற்கென்றே விற்கும் செராமிக் மார்க்கர்களின் கதை வேறு, அவற்றின் பிசின் வெப்பத்தில் இறுகும்படி செய்யப்பட்டது. சாதாரண மார்க்கர் படத்தை முழுதாகக் காயவிட்டு, பெரியவர்கள் வெளியே வைத்து ஒளி ஊடுருவும் வார்னிஷ் ஸ்பிரே அடிக்கலாம். தூரத்திலிருந்து மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது. முதல் பூச்சே கனமாகிவிட்டால் வார்னிஷின் கரைப்பான் படத்தை மறுபடி கரைத்துவிடும். பிரஷ்ஷால் தடவினாலும் இழுத்துக் கலைத்துவிடும். எப்படிப் பூசினாலும் இது சாப்பிடும் தட்டாகாது, சுவரில் மாட்ட மட்டும்தான்.

மாட்டும் சுவரில் வெயில் விழக்கூடாது. புற ஊதாக் கதிர் சாய மூலக்கூறுகளை உடைத்து நிறத்தை வெளிறச் செய்யும், ஆனால் எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் உடைவதில்லை. இதையும் ஒரு சோதனையாகவே செய்துவிடலாம். நான்கு நிறக் கோடுகள் போட்ட டைலின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலோரம் சில வாரம் வைத்து, தாளைப் பிரிக்கும் முன் எந்த நிறம் அதிகம் வெளுத்திருக்கும் என்று ஒவ்வொருவரையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.