நடுவில் இருக்கும் சுழி

டாக்டர் சீட்டில் 1-0-1 என்று எழுதுகிறார். மருந்துக் கடைக்காரரும் அதையே பேனாவால் மாத்திரை அட்டையில் எழுதித் தருகிறார். இதற்கு அறிவியல் காரணம் உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்டு, அதுவும் அருமையான காரணம்.

அமெரிக்காவில் மாத்திரையை எண்ணிப் புட்டியில் போட்டு, நோயாளியின் பெயரோடு லேபிள் ஒட்டித் தருவார்கள். அங்கே மூன்று மாநிலங்களில் 395 நோயாளிகளிடம் அப்படிப்பட்ட லேபிள்களைக் காட்டிச் சோதித்த ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. ஒரு லேபிளில் 'இரண்டு மாத்திரை, தினமும் இருமுறை' என்று இருந்தது. வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் 100க்கு 71 பேர் அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணிக் காட்டச் சொன்னபோது சரியாகக் காட்டியவர்கள் 35 பேர்தான்.

வாய் சொன்னதைக் கை ஏன் செய்யவில்லை? அந்த வரியில் இரண்டு 'இரண்டு' இருக்கிறது. ஒன்று மாத்திரைக் கணக்கு, மற்றது வேளைக் கணக்கு. முதல் இரண்டை மனதில் பிடித்துக்கொண்டே, இருமுறை என்றால் எந்தெந்த வேளை என்று முடிவு செய்ய வேண்டும். அப்புறம் பெருக்க வேண்டும். காய்ச்சலில் கிடப்பவருக்கு, கூடவே வேறு நாலு மருந்து சாப்பிடுபவருக்கு, இது சின்ன வேலை இல்லை.

இப்போது அதையே 2-0-2 என்று எழுதிப் பாருங்கள். முதல் இடம் காலை, நடு இடம் மதியம், கடைசி இடம் இரவு. எங்கே நிற்கிறது என்பதே எப்போது என்பதைச் சொல்லிவிடுகிறது. பள்ளியில் படித்த இடமதிப்பேதான் இது! நூற்றியொன்று என்று எழுதும்போது சுழி பத்தின் இடத்தைக் காக்கிறது. இங்கே மதியத்தைக் காக்கிறது. 'மதியம் வேண்டாம்' என்பதை வாய்விட்டுச் சொல்கிறது. பெருக்கலும் இல்லை, கண்ணாலேயே கூட்டினால் நான்கு. ஆங்கிலம் வாசிக்காத என் அம்மா அட்டையில் உள்ள சுழியின் மேல் விரல் வைத்து "மத்தியானத்துக்கு இல்ல" என்பார்.

அமெரிக்க மருந்துத் தர விதிகளும் பிறகு இந்த வழிக்கே வந்தன: 'காலையில் 2, மாலையில் 2' என்று வேளையைச் சொல்லி, எண்ணை எழுத்தால் எழுதாமல் இலக்கத்தில் போடச் சொல்கின்றன.

நம் நாட்டில் 2023 ஆகஸ்ட் முதல் 300 மருந்து பிராண்டுகளின் உறையில் கியூஆர் கோடு கட்டாயம். போலியைக் கண்டுபிடிக்க நல்லது, வரவேற்கிறேன். ஆனால் எப்போது போடுவது என்று அது சொல்லாது. கடையில் நாலு மாத்திரைக்கு அட்டையைக் கத்தரித்தால் காலாவதித் தேதி மறுபாதியோடு போய்விடுகிறது. கடைக்காரர் எழுதியதும் வழவழப்பான தாளில் இரண்டு நாளில் அழிந்துவிடுகிறது.

புது மருந்து மூலக்கூறு தேடும் ஆய்வுக்குக் கோடிகள் தேவை, தரட்டும். அட்டையில் எழுதுவது புரிகிறதா என்று பார்க்கும் ஆய்வுக்குச் சில மாதிரி அட்டைகளும், எண்ணிக் காட்டச் சம்மதிக்கும் நோயாளிகளும் போதும். அட்டையில் காலை, மதியம், இரவு என்று தமிழில் மூன்று வெற்றுக் கட்டங்கள், பேனா மை ஒட்டும் தாளில். அதை நம் அரசு மருத்துவமனைகளில் சோதித்துப் பார்க்க யாராவது நிதி தர வேண்டும்.